நாயோடு கல்லடிக் கடற்கரையில்: நாவலடிச் சவுக்கங்காடு வழியாக முகத்துவாரம் வரை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து கிழக்கே போனால் கடல். அங்கிருந்து வடமேற்காக நீளும் ஒடுங்கிய மணல்நிலத்துக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. டச்பார், திருச்செந்தூர், நாவலடி என்று போய், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் நிலம் முடிகிறது. வழியில் ஏற்றம் இல்லை, பாறை இல்லை. இடையிடையே வெட்டவெளி விட்டுச் சவுக்கு மரங்கள் துணைக்கு வருகின்றன. கால் நோகாத நடை இது. நாய்க்குக் கேடு வருவது வெயிலாலும், கரையில் கிடக்கும் மீனாலும், கயிற்றைக் கைவிடும் மனிதராலும்தான். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த மூன்றைச் சுற்றியே வரும்.

எங்கே தொடங்கி எந்த வழியாக நடப்பது?

கல்லடிக் கடற்கரையிலோ, சற்று வடக்கே திருச்செந்தூர் முருகன் ஆலயத்துக்கு அப்பாலோ தொடங்கலாம். சுனாமியில் சாய்ந்த பழைய கோபுரம் நிற்கும் ஆலயம் அது, அடையாளம் பிசகாது. போகும்போது கடலோரத்து ஈரமணலில் போங்கள், வரும்போது சவுக்குக்குள்ளால் வாருங்கள். காலையில் சூரியன் கடலிலிருந்து எழும்புவதால் மரங்களின் நிழல் வாவிப் பக்கமாக விழும். வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தில் நாய் நிழலுக்குள் வந்துவிட வேண்டும். மாற்றிச் செய்தால், களைத்த நாயைச் சுடுமணலில் இழுத்து வர வேண்டியதாகும்.

ஈரமணல் என்றால் அலை வந்து போன, இறுகிய பட்டை. காய்ந்த மணலில் நாயின் கால் புதையும். அரை மணித்தியாலத்திலேயே பின்னங்கால் தளரும்.

முகத்துவாரம் வரை கட்டாயம் போக வேண்டுமா?

தேவையில்லை. முழுதும் போய்த் திரும்ப இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். பழக்கமில்லாத நாய்க்கு முதல் நாள் இருபது நிமிடம் போய்த் திரும்புவதே போதும். பிறகு கிழமைக்குப் பத்து நிமிடமாகக் கூட்டலாம். நாய் முன்னால் இழுத்துக்கொண்டு போகும்போதே திரும்பிவிடுங்கள். அது பின்தங்கத் தொடங்கிய பிறகு திரும்பினால் பாதித் தூரம் இன்னும் மிச்சம் இருக்கும்.

முகத்துவாரம் வரை போவோர் எதிர்க்கரையில், பாலமீன்மடுப் பக்கம், 1913இல் கட்டிய வெளிச்சவீட்டைக் காணலாம். ஆனால் நீர் ஓடும் விளிம்புக்கு நாயைக் கொண்டுபோக வேண்டாம். மாரியில் வாவி நிரம்பி வாய் திறந்திருக்கும்போது நீர் வேகமாகக் கடலுக்கு இழுக்கும். கரை மணலை அடியில் அரித்திருக்கும்; மேலே உறுதியாகத் தெரியும் இடம் காலை வைத்ததும் சரியும். ஐம்பது அறுபது அடி தள்ளி நின்று பாருங்கள்.

எத்தனை மணிக்குப் போவது நல்லது? பின்னேரம் போகலாமா?

விடிய முன், நிலம் வெளுக்கும் நேரத்தில் கரையில் நிற்பது சிறப்பு. இங்கே சூரியன் ஆண்டு முழுவதும் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்பின்னாகவே உதிக்கும். ஐந்தே முக்காலுக்குத் தொடங்கினால் ஏழு, ஏழேகாலுக்கு வாகனத்தடிக்கு வந்துவிடலாம். எட்டு மணிக்குப் பிறகு எந்த நாயையும் கரையில் வைத்திருக்க வேண்டாம்.

பின்னேரம் போகக்கூடாது என்றில்லை. ஐந்து மணிக்குப் பிறகு சவுக்கின் நிழல் கடற்பக்கம் விழும். ஆனால் நாள் முழுதும் வெயில் குடித்த காய்ந்த மணல் அப்போதும் சூடு விட்டிருக்காது. இன்னொன்று, சனி ஞாயிறு பின்னேரங்களில் கல்லடிக் கரையில் குடும்பங்களும் பட்டம் விடும் பிள்ளைகளும் நிறைந்திருப்பார்கள். இருட்டும் இங்கே சட்டென்று விழுந்துவிடும். பாம்பு இரை தேடி வெளியே வருவதும் அந்த நேரந்தான். எங்களைக் கேட்டால் காலை என்றே சொல்வோம்.

மணல் சூடா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

புறங்கையை மணலில் அழுத்தி ஏழு வரை எண்ணுங்கள். எண்ணி முடிய முன் கையை எடுக்கத் தோன்றினால் நாயின் பாதத்துக்கும் அது கூடாது. செருப்புப் போட்ட மனிதருக்கு இது விளங்குவதில்லை. தார் வீதியில் நிற்கும் வாகனத்துக்கு நாயை நடத்திக் கொண்டுபோகும் கடைசி நூறு அடியில்தான் பல நாய்களின் பாதம் வெந்துபோகிறது. அதனால் வாகனத்தை மர நிழலில் நிறுத்துங்கள். நாய் காலை மாறி மாறித் தூக்கினால், உடனே நிழல் அல்லது ஈரமணல். வெந்த பாதத்தில் பற்பசை, மஞ்சள் எதுவும் பூச வேண்டாம். பத்து நிமிடம் குளிர்ந்த நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். தோல் உரிந்திருந்தால் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.

எந்த மாதங்கள் ஏற்றவை?

பெப்ரவரி கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை கடல் பொதுவாக அமைதி. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை; அலை கரையின் மேல்விளிம்பு வரை ஏறும், ஈரமணல் பட்டையே இல்லாமல் போகும். அந்த நாட்களில் சவுக்குக்குள்ளால் மட்டும் போய் வரலாம். காற்று கடுமையாக இருந்தால் அதுவும் வேண்டாம்: சவுக்கின் கிளை காய்ந்ததும் எளிதில் முறிந்து விழும்.

மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து வறண்டு சுட்டடிக்கும். கடல் அழகாக இருக்கும். நாய்க்கு மிகக் கடினமான மாதங்களும் இவையே. நடையைப் பாதியாக்குங்கள்.

வற்றுப்பெருக்கு நேரம் பார்த்துப் போக வேண்டுமா?

வேண்டாம். இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றர்கூட வித்தியாசம் வராது. பார்க்க வேண்டியது அலையை.

என் நாய் சொல் கேட்கும். கயிறு இல்லாமல் விடலாமா?

விடாதீர்கள். சொல் கேட்கும் நாயும் காகம் கொத்தும் மீனைக் கண்டால் கேட்காது. ஒன்றரை முதல் இரண்டு மீற்றர் கயிறு போதும். சுருளும் நீளக் கயிறு இங்கே ஆகாது: மணல் புகுந்து பூட்டு இறுகும், வலைக் கயிற்றில் சிக்கும். இழுக்கும் நாய்க்குக் கழுத்துப் பட்டியை விட மார்போடு பூட்டும் பட்டி நல்லது. வெப்பத்தில் மூச்சு வாங்கும் நாயின் கழுத்தை இறுக்கக் கூடாது. உப்புக் காற்றில் சாதாரண இரும்புக் கொளுக்கி துருப்பிடித்து ஒரு நாள் திடீரென்று விடும். பித்தளை அல்லது துருப்பிடிக்காத உருக்குக் கொளுக்கி வாங்குங்கள், ஒவ்வொரு நடைக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

கரைவலை இழுக்கும் இடத்தை எப்படிக் கடப்பது?

கடல் அமைதியான மாதங்களில் காலையில் கரைவலை நடக்கும். வலை கடலில் வளைந்து கிடக்க, இரு முனைக் கயிறுகளையும் கரையில் இரண்டு அணியாக நின்று இழுப்பார்கள். இறுகிய கயிற்றைத் தாண்டிக் கடற்பக்கமாகப் போகவே கூடாது. கயிறு எழும்பினால் நாயின் காலை முறிக்கும், இழுப்பவரின் பிடியும் தவறும். தூரத்தில் கண்டதுமே தரைப்பக்கம் ஏறி, வாடிகளுக்கும் தோணிகளுக்கும் பின்னால், கயிற்றை ஒரு மீற்றராகச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கடந்து போங்கள். மீன் குவித்த இடத்தில் நாய் மூக்கை நுழைத்தால் அது அவர்களுடைய அன்றைய உழைப்பில் நுழைத்ததாகும். காய வைத்த வலையில் நாய் காலைத் தூக்கினாலும் கோபம் வரும், அது நியாயமான கோபம்.

கரையில் கிடக்கும் மீனை நாய் தின்றுவிட்டால் என்ன?

இந்தக் கரையில் நாயைக் கொல்லக்கூடிய முதல் பொருள் பேத்தை மீன். கரைவலையில் அகப்பட்டதும் அதை விலக்கி மணலில் எறிந்துவிடுவார்கள். ஊதிய வெள்ளை வயிறு, கிளிமூக்குப் போன்ற பல், செதில் இல்லாத சொரசொரத்த தோல் என்பவை அடையாளம். நஞ்சு அதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும் கூடுதலாக இருக்கும். மீன் காய்ந்தாலும் அழியாது, சமைத்தாலும் அழியாது. தின்ற நாய்க்கு அரை மணித்தியாலத்திலிருந்து சில மணித்தியாலத்துக்குள் வாயில் நீர் வடியும், வாந்தி வரும், பின்னங்கால் தள்ளாடும், பிறகு மூச்சுத் தசை செயலிழக்கும். மாற்று மருந்து கிடையாது. உடனே கொண்டுபோனால் வைத்தியர் மூச்சைத் தாங்கிப் பிடித்துக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வாயிலிருந்து எடுத்த துண்டை ஒரு பையில் போட்டுக்கொண்டே போங்கள். உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்க வைப்பது தவறு, உப்பே நஞ்சாகும்.

அடுத்தது முள். கெளுத்தியின் முதுகிலும் செட்டைகளிலும் உள்ள முள் ஈட்டி மாதிரிப் பின்வளைந்த பற்கள் கொண்டது. நாயின் உதட்டில் ஏறினால் இழுத்தால் வராது, கிழிக்கும். திருக்கையின் வால்முள்ளும் அப்படியே. கரை ஒதுங்கிய சொறிமுட்டை (ஜெலிமீன்) செத்துப் பல மணித்தியாலம் ஆன பிறகும் சொறியும். மூக்கிலோ காலிலோ பட்டால் கடல்நீரால் கழுவி, ஒரு குச்சியால் எடுத்துவிடுங்கள். மணல் போட்டுத் தேய்த்தாலோ நல்ல தண்ணீர் ஊற்றினாலோ மிச்சமிருக்கும் நஞ்சுப்பைகள் வெடித்து நோவு கூடும்.

தூண்டில் விழுங்கி, நைலோன் நூல் வாய்க்கு வெளியே தொங்கினால் இழுக்காதீர்கள், ஒட்ட வெட்டவும் வேண்டாம். நூலை அப்படியே கழுத்துப் பட்டியில் கட்டிவிட்டுக் கொண்டுபோங்கள். வைத்தியருக்கு அந்த நூல்தான் வழிகாட்டி.

இவை எல்லாவற்றுக்கும் ஒரே முற்காப்பு, “விடு” என்ற ஒரு சொல்லை வீட்டிலேயே பழக்குவது. கருவாட்டுத் துண்டை மூடிய கைக்குள் வைத்து, நாய் மூக்கை விலக்கும் கணத்தில் மற்றக் கையால் அதைவிட நல்லதொன்றைக் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், இரண்டு கிழமை. பிறகு கை திறந்து, பிறகு தரையில் வைத்து.

கடலில் இறக்கலாமா? வாவியில்?

கல்லடி, நாவலடிக் கரை சரிவானது. பத்தடியிலேயே ஆழம் விழும், அலை கரையில் வந்து அடிக்கும், திரும்பும் நீர் இழுக்கும். முழங்கால் அளவு நனைய விடலாம், அதுவும் கயிற்றோடு. நீந்த ஆசைப்படும் நாய்க்குப் பாசிக்குடாவின் ஆழமில்லாத கடல் பொருந்தும். ஆனால் அங்கே விடுதிகளும் குளிப்போரும் அதிகம். விடியற்காலையில், ஆளில்லாத ஓரமாகப் போங்கள். பக்கத்துக் கல்குடாக் கரை இன்னும் அமைதியானது. நகரிலிருந்து திருகோணமலை வீதியில் வாழைச்சேனை வரை போய்த் திரும்ப வேண்டும்.

வாவிப் பக்கம் நாயை நீருக்கு விட வேண்டாம். வாவியில் முதலை உண்டு. கண்டல் நிற்கும் சேற்றங்கரையில் மூச்சுவேர்கள் பாதத்தைக் கிழிக்கும். வாவி நீர் உவர்ப்பு, குடிக்கவும் உதவாது.

எவ்வளவு தண்ணீர் கொண்டுபோக வேண்டும்?

பதினைந்து கிலோ நாய்க்கு ஒன்றரை மணித்தியால நடைக்கு ஒரு லீற்றர். அதற்கு மேல் ஒரு போத்தல், குடிக்க அல்ல, தேவைப்பட்டால் உடம்பில் ஊற்ற. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சமாகக் கொடுங்கள். பாத்திரத்துக்கு வெறும் ஐஸ்கிறீம் பெட்டி போதும், சிரட்டையும் போதும். தாகத்தில் கடல்நீர் குடித்த நாய்க்கு அன்றே வயிற்றால் போகும். நிறையக் குடித்தால் உடம்பில் உப்பு ஏறி, தள்ளாட்டம், வலிப்பு வரை போகும். பந்து எறிந்து விளையாடும்போது வாய்க்குள் போகும் நீரையும் மணலையும் பலர் கணக்கில் எடுப்பதில்லை. மணல் குடலில் கட்டியாகி அடைத்த நாய்க்கு வயிற்றைத் திறக்க வேண்டி வரலாம்.

வெப்பம் தாக்கியதை எப்படி அறிவது, என்ன செய்வது?

நாயின் உடல் வெப்பம் சாதாரணமாக 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ். 41ஐ எட்டினால் உயிராபத்து. கண்ணால் பார்க்கக் கூடிய அறிகுறிகள்: நிற்காத மூச்சிரைப்பு, கரும்சிவப்பு நாக்கு, கட்டியான எச்சில், கூப்பிட்டால் திரும்பாமை, தள்ளாட்டம். முதலில் நிழல். உடனே உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி, சட்டையாலோ தொப்பியாலோ விசிறுங்கள். நல்ல தண்ணீர் தீர்ந்தால் கடல்நீரை ஊற்றலாம், வாய்க்குள் போகாமல். ஈரத் துணியால் போர்த்தி விடாதீர்கள். சூடு உள்ளேயே நிற்கும். மூச்சு அடங்கத் தொடங்கிய பிறகு வைத்தியரிடம் போங்கள், வாகனத்தில் யன்னலைத் திறந்துவிட்டு. எழும்பி நடந்தாலும் காட்டத்தான் வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு அடுத்த நாளில்தான் தெரியும்.

பக் போன்ற சப்பை மூக்கு நாய்களையும், அடர்ந்த மயிர் கொண்ட ஜேர்மன் ஷெப்பட், பொமேரேனியன் வகைகளையும், கொழுத்த லப்ரடோரையும் இந்தச் சூடு முதலில் பிடிக்கும். நாட்டு நாய் தாங்கும் என்று அதை மத்தியானத்தில் இழுத்துக்கொண்டு போவதும் கொடுமைதான்.

கட்டாக்காலி நாய்கள் கூட்டமாக வந்தால்?

வாடிகளுக்கும் குடியிருப்புகளுக்கும் பக்கத்தில் வரும். ஓடாதீர்கள், கத்தாதீர்கள். உங்கள் நாயை உடம்போடு சேர்த்து, முகத்தை மறுபக்கம் திருப்பி, அவற்றின் எல்லையை விட்டு வளைந்து விலகுங்கள். பெரும்பாலும் முப்பது நாற்பது அடியில் நின்றுவிடும். குனிந்து கல் எடுப்பது போலக் காட்டினாலே பல நாய்கள் பின்வாங்கும், எறியத் தேவையில்லை. இனச்சேர்க்கைப் பருவத்தில் இருக்கும் பெட்டை நாயை அந்த மூன்று கிழமையும் கொண்டுபோகவே வேண்டாம்.

நாய்க்கு ஆண்டுதோறும் விசர்நோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், அட்டையின் படம் கைபேசியில் இருக்கட்டும். உள்ளூராட்சி மன்றத்தில் நாயைப் பதிய வேண்டும் என்ற சட்டம் 1901இலிருந்தே உண்டு. மனிதருக்குக் கடி பட்டால், சிறு கீறல் என்றாலும், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

சவுக்கங்காட்டுக்குள் கவனிக்க வேண்டியவை?

சவுக்கின் காய்ந்த இலை மெத்தையாகக் கிடப்பதால் கீழே புல் பூண்டு குறைவு. பாதை தெளிவாகத் தெரியும். காட்டின் ஓரங்களில்தான் தொல்லை. இராவணன் மீசைப் புல்லின் நுனி கண்ணைக் குத்தும், நெருஞ்சி விரலிடுக்கில் ஏறும், பனை வடலியின் கருக்கு தோலைக் கீறும். ஆட்கள் உட்கார்ந்து தின்ற இடங்களில் கண்ணாடித் துண்டும் கோழி எலும்பும் கிடக்கும். அடம்பன் கொடி படர்ந்த மணல்மேட்டை நாய் தோண்ட விடாதீர்கள்; கரை காற்றில் பறக்காமல் பிடித்து வைத்திருப்பது அந்தக் கொடிதான்.

பற்றைக்குள் மூக்கை நுழைக்க விடாமல் பாதை நடுவில் நடத்தினால் பாம்பு பற்றிய பயம் குறையும். கடி பட்டால் கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம். நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு, வழியிலேயே வைத்தியருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் வார இறுதியில் மூடியிருக்கும். தனியார் வைத்தியர் ஒருவரின் எண்ணை முதலே வாங்கி வையுங்கள்.

மலத்தை மணலில் புதைத்தால் போதாதா?

போதாது. நாயின் கொழுக்கிப் புழு முட்டை, நிழலான ஈரமணலில் பொரித்துப் புழுவாகி, வெறுங்காலில் நடப்பவரின் தோலுக்குள் ஏறும். தோலுக்கடியில் வளைந்து வளைந்து கோடாக ஓடும் அரிப்பு அதனால்தான். புதைப்பது புழுவுக்கு வசதி. பையில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுங்கள்.

நாய் பிடிக்காதவர்களோடு எப்படி?

நாயின் எச்சில் பட்டால் தொழுகைக்கு முன் கழுவ வேண்டும் என்று பேணுகிற முஸ்லிம் குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் நிறைய. பத்தடி தூரத்திலேயே கயிற்றைச் சுருக்கி, நீங்கள் விலகி வழிவிடுங்கள். “ஒண்டும் செய்யாது” என்று சொல்லிக்கொண்டே கிட்டப் போவது மரியாதை அல்ல. ஆலய வாசலையும் தீர்த்தமாடும் நாட்களையும் தவிருங்கள். டிசம்பர் 26 அன்று இந்தக் கரை முழுவதும் சுனாமியில் போனவர்களுக்காக விளக்கேற்றுவார்கள்; அன்று நாயோடு வர வேண்டாம்.

வாகனம் இல்லை. எப்படிக் கொண்டுபோவது?

பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். தெரிந்த ஓட்டோக்காரரிடம் முதல் நாளே நாய் என்று சொல்லிப் பேசி, ஆசனத்துக்கு ஒரு பழைய படங்கு விரியுங்கள். திரும்பும்போது ஈரமும் மணலுமாக இருக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

குட்டிக்கும் கிழட்டு நாய்க்கும் பொருந்துமா?

குட்டிக்கு பார்வோ, டிஸ்டெம்பர் ஊசி வரிசை முடிந்து இரண்டு கிழமை ஆக வேண்டும். கிழட்டு நாய்க்கு ஈரமணல் மூட்டுக்கு இதமானது. சவுக்கு நிழலில் பத்து நிமிடம் இருத்தி, பத்து நிமிடம் நடத்துங்கள்.

வீட்டுக்கு வந்ததும்?

நல்ல தண்ணீரால் உப்பு போக அலசுங்கள், முக்கியமாக வயிற்றடியும் விரலிடுக்கும். காதைத் துடைத்து உலர்த்துங்கள். பிறகு உண்ணி பாருங்கள்: காதுக்குள், கழுத்துப் பட்டிக்கு அடியில், அக்குள், விரலிடுக்கு. கண்டால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் விடுவதும் நெருப்பு வைப்பதும் நாயைத்தான் சுடும். இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சல், சோர்வு, வெளிறிய முரசு (பல்லீறு) கண்டால் உண்ணிக் காய்ச்சல் என்று எண்ணி இரத்தம் சோதியுங்கள். நாய் ஒரு மணித்தியாலம் ஆறிய பிறகே சாப்பாடு.

அம்பாறைப் பக்கம் இப்படி நடக்கலாமா?

திருக்கோவில் கரை நீளமானது, காலையில் அமைதியானது. ஆடி அமாவாசைத் தீர்த்த நாட்களில் மட்டும் வேண்டாம். அறுகம்பையில் அலைச்சறுக்கு வருவோர் நிறைந்த மாதங்களில் விடிய மட்டுமே. அதற்குத் தெற்கே, முதலைப்பாறை, பாணமைப் பக்கமெல்லாம் யானையும் முதலையும் நடமாடும், கடலாமை முட்டையிடும். மோப்பம் பிடிக்கும் நாய் ஆமைக்கூட்டைத் தோண்டிவிடும், யானையைக் குரைத்து உங்களை நோக்கியே திருப்பிவிடும். குமண, லாகுகல தேசிய பூங்காக்களுக்குள் நாய்க்கு அனுமதியே இல்லை. வாகனத்துக்குள் பூட்டிவிட்டுப் போகலாம் என்றும் நினைக்க வேண்டாம்; நிழலில் நிறுத்தினாலும் சில நிமிடங்களில் உள்ளே சூடு ஏறிவிடும். அந்தப் பயணத்துக்கு நாயை வீட்டில் விட்டுப் போங்கள்.